கம்பத்துக்கு வராத ரயில்

எங்கள் ஊர் கம்பத்துக்கு இதுவரை ரயில் வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இத்தனையும் நடந்தது.

மதுரையிலிருந்து வருகிற ரயில் தேனியைத் தொட்டுவிட்டு மேற்கே போடிக்குப் போய் நின்றுகொள்ளும். தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் எங்கள் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அளக்க ஆள் வந்திருக்கிறார்கள். மனு கொடுத்திருக்கிறோம், கடையடைப்பு நடத்தியிருக்கிறோம். ரயில் மட்டும் வரவில்லை. ஆனால் என் வீட்டு மாடிக்குத் தினமும் மத்தியானம் இரண்டரை மணிக்கு வருகிறது.

கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர் நௌஷாத். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடையில் மிஞ்சுகிற துண்டுக் குழாய், ஒயர், பசை எல்லாம் மாடிக்குப் போய்விடும். பதினாலு அடி நீளப் பலகையில் தேனியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை மொத்தப் பள்ளத்தாக்கையும் பரப்பி வைத்திருக்கிறார். தூரத்தை மட்டும் சுருக்கிக்கொண்டார். மற்றபடி வீடு, மரம், இஞ்சின் எல்லாமே அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இஞ்சினின் உடம்பு பித்தளைத் தகடு, மோட்டார் பழைய சிடி பிளேயரிலிருந்து கழற்றியது. திராட்சைப் பந்தலைச் செம்புக் கம்பியில் அவர் கட்ட, கடுகை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கவிட்டது நான். கண் போய்விட்டது.

அவருடைய கணக்கில் அந்த மாடியில் எப்போதும் 1938, தை மாதம், காலை ஏழு மணி. கிழக்குச் சுவரில் ஒரு மஞ்சள் விளக்கு, அதுதான் சூரியன். எதிலும் கறாரான மனுஷன். இந்தப் பாதை கட்டினது எந்த வருஷம், யுத்தத்தில் என்ன ஆனது, மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடினது எந்த நாள் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இத்தனை தெரிந்தவர் ஏன் இல்லாத ஊருக்கு ரயில் விட்டார் என்று கேட்டால், "வந்துருந்தா எப்படி இருந்துருக்கும்னு பாக்க வேணாமா?" என்பார்.

கீழே என் போட்டோ ஸ்டூடியோ. உலகத்தில் எல்லோரும் தங்களைத் தாங்களே அழகாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆதார் கார்டில் திருடன் மாதிரி தெரியவேண்டும் என்றால் மட்டும் என்னிடம் வருகிறார்கள். அதனால் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். பலகையோடு பலகையாகக் குப்புறப் படுத்து, லென்ஸைத் தண்டவாள உயரத்துக்கு இறக்க வேண்டும். அப்போது பலகையின் விளிம்பு மறைந்துபோகும், சுவர் மறைந்துபோகும். அவர் சாம்பிராணிப் புகையை விசிறியால் மெல்ல ஊதிவிடுவார். பனி இறங்கும். தூரத்தில் மலை நீலமாகத் தெரியும். பனிக்குள்ளிருந்து வண்டி வரும். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு எழுந்தபோது, காலை எங்கே ஊன்றுவது என்று ஒரு நொடி தெரியவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேனோ என்று பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில் எடுத்ததுதான் அந்தப் படம். கறுப்பு வெள்ளை. ஓட்டுக் கூரை போட்ட கம்பம் ஸ்டேஷன், பெயர்ப்பலகை, புகைவிட்டு நிற்கிற இஞ்சின், மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் மங்கலாக ஒரு பெண். அந்தப் பெண்ணை மெழுகில் செய்தது நான்தான், அரிசி அளவு. படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன்.

"கீழ ஒரு வரி எழுதிரு ரஃபியா, இது மாடல்னு" என்றார் நௌஷாத்.

"எழுதுனா படம் செத்துப்போகும். நீங்க போய்க் குழாய வித்துட்டு வாங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து ஊர் வந்து பார்த்தது. கம்பத்துக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. ரயிலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, அது ஒரு காலத்தில் வந்திருக்கும் என்று யாராவது சொன்னால் போதும், மறுக்க மனம் வராது. எதிர் டீக்கடைச் செல்லப்பாண்டி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க தாத்தா இந்த வண்டியிலதான் பழனிக்குப் போனாக" என்று அடித்துச் சொன்னான். பள்ளிவாசல் தெருவில் ஒருவர் டிக்கெட் விலைகூடச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேனே தவிர மறுக்கவில்லை. என் படத்தைப் பார்த்து ஊரே ஏமாறுகிறது என்பதில் எனக்குப் பெருமை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமைதான்.

ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது பக்கத்துச் சுருளிப்பட்டியிலிருந்து கருத்தக்கண்ணன் ஐயா வந்தார். வயது எண்பத்தெட்டு. முதியோர் பென்ஷனுக்குப் படம் வேண்டுமென்று மகள் மகாலட்சுமி அக்கா கூட்டிவந்திருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து, நாடியை நிமிர்த்தி, எடுத்து முடித்தேன். எழுந்து திரும்பியவர் சுவரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ஸ்டேஷன்தான்" என்றார். "இங்கனதான் எங்காத்தா ரயில் ஏறுனா."

மகாலட்சுமி அக்கா, "அப்பா, வாங்கப்பா" என்று கையைப் பிடித்தார். அவர் உதறிவிட்டுப் படத்தின் அருகில் போனார்.

"நான் சொன்னேன்ல, ஒருத்தரும் நம்பலயே. இந்தா பாரு, மூணாவது பெட்டி. சன்னல்ல உக்காந்துருக்கா பாரு." அழுதார். அந்த வயதில் ஓர் ஆண் சத்தம்போட்டு அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

அழுகைக்கு நடுவே அவர் சொன்னதும், மகாலட்சுமி அக்கா எடுத்துக்கொடுத்ததுமாகக் கதை தெரிந்தது. அவருக்கு ஆறு வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. மில் வேலைக்கென்று அம்மா மதுரைக்குக் கிளம்பிவிட்டாள். ரயில் ஏற்றிவிட அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனபோது மகனும் போனான். ஜன்னலிலிருந்து அவள், "பொங்கலுக்கு இதே ரயில்ல வந்துருவேன்டா" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பொங்கலுக்கு அவன் சுருளிப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு நடந்து வந்து ஸ்டேஷனைத் தேடியிருக்கிறான். ஊரே சிரித்தது. அப்பா அடித்து இழுத்துப்போனார். "அவ எவன்கூடயோ போயிட்டா. ரயிலு கியிலுன்னு நீ கனாக் கண்டுருக்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் கல்யாணம் ஆகும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் கம்பத்தில் வந்து நின்றிருக்கிறார் இவர். எங்கே நிற்பது என்று தெரியாமல், பஸ் நிற்கிற இடத்தில்.

"வருசா வருசம் ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவியில எங்க தாத்தாவுக்கு எள்ளுந்தண்ணியும் விடுவாக" என்றார் மகாலட்சுமி அக்கா. "அப்பத்தாவுக்கு மட்டும் விட மாட்டாக. தண்ணி விட்டா, அவ வரமாட்டான்னு நானே சொன்னதா ஆயிரும்பாக. இந்த வருசந்தான் மல்லுக்கட்டி சம்மதிக்க வச்சேன்."

"வேணாம் மகா" என்றார் பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஸ்டேஷன் இருந்துருக்குல்ல. அப்ப அவ சொன்னதும் நெசந்தான. நான் தண்ணி விடமாட்டேன்."

பிறகு என்னிடம், "தாயி, இதுல ஒண்ணு எனக்குக் குடுப்பியா?" என்றார்.

வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தைதான், பொம்மை என்று. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை. பிரிண்ட் போட்டு, உறையில் வைத்துக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

நௌஷாத் சாப்பிட வந்தபோது சொன்னேன். தட்டில் கை வைத்தவர் எடுத்துவிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தேவலை என்று இருக்கும்.

"இல்லாத ஸ்டேஷனக் கட்டுறது தப்பில்ல ரஃபியா. அதுல ஒரு மனுசனக் கொண்டுபோய் நிக்க வச்சிட்டியே."

"நிம்மதியா நிக்கட்டுமே!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்பத்தெட்டு வயசுல அவருக்கு எதுக்கு உங்க சரித்திரம்? உங்கம்மா ஏறுனது கனவுலன்னு நீங்க போய்ச் சொல்லுவீகளா?"

அவர் கை கழுவிவிட்டு மாடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ரயில் ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து மகாலட்சுமி அக்கா தனியாக வந்தார்.

"விசாரிச்சேன் ரஃபியா. கம்பத்துக்கு ரயிலே வந்ததில்லங்கிறாக. அந்தப் படம் எங்க எடுத்தது?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படத்தத் தலமாட்டுல வச்சிக்கிட்டு, சோறு தண்ணி எறங்காம பாத்துக்கிட்டே இருக்காக. அடுத்த அமாவாசைக்கு அவுகளே இருப்பாகளோ இல்லயோ. அவுகளும் போயிட்டா, அப்பத்தாவுக்கு ஒரு கை தண்ணி விட ஆரு இருக்கா? நீதான தாயி முடிச்சுப் போட்ட, நீயே அவுத்துவிடு."

மறுநாள் மத்தியானம் பெரியவரைக் கூட்டிவந்தார்கள். படி ஒவ்வொன்றாக ஏறி மாடிக்கு வந்தார். நௌஷாத் மஞ்சள் விளக்கைப் போட்டு, வண்டியை விட்டார். லோயர் கேம்பிலிருந்து புறப்பட்டு, கூடலூரைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு ஊடே வளைந்து வந்து, கம்பம் ஸ்டேஷனில் நின்றது. பெரியவர் குனிந்தார். மூன்றாவது பெட்டியின் ஜன்னலை ஒரு விரலால் தொட்டார்.

"இது பொம்ம" என்றார்.

"ஆமாங்கய்யா. படத்துல நீங்க பாத்தது இதுதான். கம்பத்துக்கு ரயில் வரல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அவர் என்னைத் திட்டவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"அப்ப எங்கய்யா சொன்னதுதான் சரி. கனாத்தான் கண்டுருக்கேன்."

நௌஷாத் அவர் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். "அய்யா, ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி கட்டிப் போனீகளே, வழியில தூங்குனீகளா?"

"தூங்குனேன். இருட்டுல ஏறுனது. ஒரு தூக்கம் தூங்கி முழிச்சாலும் வண்டி போயிக்கிட்டே இருக்கு. திருப்பித் தூங்கினேன். விடிஞ்சப்பறந்தான் எறக்கிவிட்டாக."

"சுருளிப்பட்டியிலருந்து கம்பம் வர அவ்வளவு நேரம் ஆகுமா அய்யா?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரயில் கெளம்பிப் போனப்ப எப்படித் தெரிஞ்சது?"

"எங்க தெரிஞ்சது? கண்ணு கூசுச்சு. வண்டி நேரா சூரியனுக்குள்ளதான் போச்சு. கைய வச்சு மறச்சுக்கிட்டுப் பாத்தேன். ஆத்தா கை ஆட்டுனது அதுலதான் சரியாத் தெரியல."

நௌஷாத் எழுந்து பலகையருகே போனார். கம்பத்தில் விரலை வைத்து வடக்கே இழுத்துக் காட்டினார். "கம்பத்துக்கு ரயில் வந்துருந்தா இப்படி வடக்கதான் போயிருக்கும். காலைச் சூரியன் வலப்பக்கம் இருந்துருக்கும்." விரல் தேனிக்குப் போனது. "இங்கன பாருங்க. தேனியில ஏறுனா ஆண்டிபட்டிப் பக்கம், நேர் கெழக்க. காலையில அந்த வண்டி சூரியனுக்குள்ளதான் போகும். நீங்க கனாக் காணலங்கய்யா. கனாவுல சூரியன் இவ்வளவு சரியா நிக்காது. அது தேனி ஸ்டேஷன்."

"எங்கய்யா டவுனுக்குப் போறோம்னுதான் சொன்னாரு" என்றார் பெரியவர் மெதுவாக. "டவுனுன்னா எனக்குக் கம்பந்தான். வேற டவுனு ஏது எனக்கு?"

மகாலட்சுமி அக்கா அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை; பயம்தான் வந்தது. அடுத்து பெரியவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதையேதான் சொன்னார்.

"அப்ப நான் தப்பான ஊர்ல நின்னேன். அவ தேனியில வந்து எறங்கிப் பாத்துட்டுப் போயிட்டாளோ என்னமோ. நான் இங்கன நின்னுருக்கேன்."

இதற்குத்தான் சொல்லவேண்டாம் என்று சொன்னேன் என்று நௌஷாத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அய்யா, அவுக போனது நாப்பத்திரெண்டு வாக்குல, சரியா? அந்தச் சமயத்துலதான் சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளக்காரன் இந்தப் பாதையில தண்டவாளத்தப் பிடுங்கிட்டான். மதுரையிலருந்து போடி வரைக்கும், மொத்தமா. திருப்பிப் போட பன்னெண்டு வருசம் ஆச்சு." பலகையிலிருந்து விரலை எடுத்தார். "நீங்க சரியான ஊர்ல நின்னுருந்தாலும் ரயில் வந்துருக்காதுய்யா."

தை மாதத்துக் காலை ஏழு மணியில் அந்தச் சின்ன ரயில் நின்றுகொண்டிருந்தது. பஸ் இருந்திருக்கும், மாட்டுவண்டி இருந்திருக்கும், மனசு இருந்தால் வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நௌஷாத்துக்கும் தோன்றியிருக்கும். சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

பெரியவரே அதற்குப் பதில் சொல்வதுபோல் பேசினார். "அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழி கேக்கக் கூச்சப்படுவா. ரயில்ல போனவ, ரயில்லதான் வரத் தெரியும் அவளுக்கு." பிறகு, "பன்னெண்டு வருசமா? எனக்குப் பதினெட்டு வயசு. மீச மொளச்சுருச்சு. ஏலக்காய்த் தோட்டத்துல வேல பாத்தேன். அப்ப வந்து எறங்கியிருந்தா, ஆறு வயசுப் பயலத்தான தேடியிருப்பா?"

பெரியவர் எழுந்து பலகையருகே வந்து, "தம்பி, இன்னொருக்கா அத ஓட்டு" என்றார். நௌஷாத் ஓட்டினார். கம்பத்திலிருந்து வடக்கே போய், தேனியில் திரும்பி, கிழக்கே மஞ்சள் விளக்குக்குள் அது போகிறவரை, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். அப்படி அவர் பார்த்ததை நான் படம் எடுக்கவில்லை. கேமரா பக்கம் என் கையே போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சுவரில் இருந்த படத்துக்குக் கீழே, இது மாடியில் ஓடும் பொம்மை ரயில் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். செல்லப்பாண்டி வந்து படித்துவிட்டு, "எங்க தாத்தா பழனிக்கு நடந்துதான் போயிருக்காக போல" என்று முனகிக்கொண்டு போனான். படம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

அமாவாசையன்று சுருளியில் நல்ல கூட்டம். பெரியவர் ஆத்தாவுக்கும் தண்ணீர் விடச் சம்மதித்துவிட்டார், நானும் வரவேண்டும் என்று மகாலட்சுமி அக்கா சொல்லியிருந்தார். அருவியிலிருந்து வருகிற தண்ணீர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேல் நின்றேன். பெரியவர் குளித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஐயர் அவசரத்தில் இருந்தார். பின்னால் இன்னும் பத்துப் பேர். தகப்பனார் பெயரைக் கேட்டார், இவர் சொன்னார், தண்ணீர் விட்டார்.

"தாயார் பேர்?"

பெரியவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். மகாலட்சுமி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தெரியாது என்று தலையை ஆட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனவளின் பெயரை அந்த வீட்டில் சொல்லவிட்டதே இல்லை. ஆறு வயதுப் பையனுக்கு அவள் வெறும் ஆத்தா.

"தாயார் பேர் சொல்லுங்கோ" என்றார் ஐயர் மறுபடியும்.

"பேரு தெரியாது சாமி" என்றார் கருத்தக்கண்ணன் ஐயா. "தேனி ஸ்டேஷன்ல காலை வண்டி ஏறுனவ. அப்படியே சொல்லுங்க, அவளுக்குத் தெரியும்."

ஐயர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். அவர் கையைக் காட்டி அமர்த்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மந்திரத்துக்கு நடுவே தமிழில், தேனி ஸ்டேஷனில் காலை வண்டி ஏறிய தாயாருக்கு என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெரியவர் எள்ளும் தண்ணீருமாகக் கையைச் சரித்தார்.